அண்ணிக்குப் பதிலாக ஓர் இணையதளம்

எங்கள் அண்ணி தையல் மெஷின் மெக்கானிக். ஒரு பெண் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாயைப் பிளக்கிறவர்கள் உண்டு. அதெல்லாம் கொஞ்ச நேரம்தான். அண்ணி பேச ஆரம்பித்தால் அவர்கள் வாய் தானாக மூடிக்கொள்ளும். நடுவில் ஒரு வார்த்தை நுழைக்க இடம் கிடைக்காது. என் அண்ணன் பஸ் டிரைவர். பத்து கேள்வி கேட்டால் ஒன்றுக்குத் தலையாட்டுகிற ஆள். கல்யாணமான புதிதில் இந்த இரண்டு பேரும் எப்படிக் குடும்பம் நடத்தப்போகிறார்கள் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கவலைப்பட்டார்கள். நன்றாகவே நடத்தினார்கள். அண்ணன் பங்கையும் சேர்த்து அண்ணியே பேசிவிட்டார்.

வீட்டு முன்னறைதான் பட்டறை. மேஜைமேல் நாலைந்து மெஷின்கள் எப்போதும் மல்லாந்து கிடக்கும். சுவரோரம் பெல்ட்டுகள் தொங்கும், ஜன்னல் கட்டையில் பழைய பிஸ்கட் டப்பாக்களில் திருகுகள். மெஷின் எண்ணெய் வாடை சோறு தின்னும் அறை வரைக்கும் வரும். ஆனால் அண்ணியின் முக்கியமான கருவி டப்பாவில் இல்லை, காதில் இருந்தது. வீட்டிலேயே தைத்துப் பிழைக்கிற பெண்கள் எங்கெங்கிருந்தோ போன் செய்வார்கள். "அக்கா, மெஷின் ஒரு மாதிரி பண்ணுது" என்பார்கள். "பேசாத. போனை மெஷின் பக்கத்துல வச்சு ஓட்டு" என்பார் அண்ணி. கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "பாபின் கேஸ்ல பஞ்சு அடைச்சிருக்கு. தொடச்சிட்டுப் போடு." அவ்வளவுதான், மெஷின் ஓடும்.

வேலை அதோடு முடிந்தது. பேச்சு முடியாது. என்ன தைக்கிறாய், யாருக்குத் தைக்கிறாய், மாமியார் முட்டிவலி எப்படி இருக்கிறது, பையன் கணக்கில் தேறினானா என்று அண்ணி ஒவ்வொருத்தியிடமும் ஊர்க்கதை பூராவும் கேட்டுவிட்டுத்தான் போனை வைப்பார். அடுத்த நொடி அடுத்த போன் வரும். காலையில் திறந்த வாய் படுக்கப் போகும்போதுதான் மூடும்.

நான் அண்ணனின் தங்கை, அதே வீட்டு மாடியில் இருக்கிறேன். ஒரு லாரி ஆபீசில் கம்ப்யூட்டரில் சரக்குச் சீட்டுப் போடும் வேலை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், இதை நானே சொல்லிவிடுகிறேன். "உனக்குக் கோபம் வர காரணமே வேணாம்மா, காலையில எழுந்திரிச்சா போதும்" என்பார் அண்ணி. நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் என்ன நடக்குமோ அது எங்கள் வீட்டிலும் நடந்தது. தெருமுனை வரை கேட்கிற மாதிரி சண்டை போடுவோம். அடுத்த டீ போடும்போது, "உனக்குச் சர்க்கரை எவ்வளவு" என்று கேட்டுக்கொள்வோம்.

அந்தக் குரல்தான் கம்ம ஆரம்பித்தது. முதலில் சாயங்காலத்தில் மட்டும் கரகரத்தது. பிறகு மத்தியானமே. "வெந்நீர் குடிச்சா சரியாயிடும்" என்று அண்ணி மாதக்கணக்கில் வெந்நீர் குடித்தார். கடைசியில் பாதி வார்த்தை காற்றாகப் போக ஆரம்பித்ததும், நான் கத்திய கத்தலில் தொண்டை டாக்டரிடம் வந்தார். டாக்டர் சின்னக் கேமராவை உள்ளே விட்டு, திரையில் காட்டினார். குரல் நாண்கள் இரண்டிலும் எதிரெதிரே இரண்டு முடிச்சு.

"பாட்டு டீச்சரா நீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்ல டாக்டர், மெக்கானிக்."

டாக்டருக்குப் புரியவில்லை. அண்ணனைப் பார்த்தார்.

"பேசுவாங்க" என்றார் அண்ணன்.

சின்ன அறுவை சிகிச்சைதான் என்றார் டாக்டர். கஷ்டமெல்லாம் அதற்குப் பிறகுதானாம். மூன்று வாரம் ஒரு வார்த்தை கூடாது. கிசுகிசுப்பும் கூடாது, அது இன்னும் மோசம். அப்படி இருந்தால் ஒரு குரல் மிஞ்சும், பழைய குரலேதான் வரும் என்று சொல்ல முடியாது. இல்லாவிட்டால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும். அண்ணி அங்கே சிரித்துச் சமாளித்தார். வீடு வந்து சேரும் வரை வாய் திறக்கவில்லை. அண்ணி பேசாமல் பஸ்ஸில் வந்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

"போனை ஆஃப் பண்ணி வச்சிடலாம்" என்றார் அண்ணன்.

"வச்சிட்டு? ஸ்கூல் தொறக்கப் போகுது. ஒவ்வொருத்தியும் யூனிஃபார்ம் துணிய வெட்டிக் குவிச்சு வச்சிருக்கா. மெஷின் நின்னா அவ யாரைக் கேப்பா?"

"நான் எடுத்துப் பேசறேன் அண்ணி" என்றேன்.

"நீயா? உனக்குப் பாபினுக்கும் பட்டனுக்கும் வித்தியாசம் தெரியாது. ரெண்டாவது கேள்வியிலயே அவளைத் திட்டிருவ." அண்ணி மேஜைமேல் கிடந்த போனைத் தள்ளி வைத்தார். "போன் அடிச்சா என் வாய் தானா தொறந்துக்கும். எனக்கு என்னைத் தெரியும். அதுதான் பயமா இருக்கு."

அண்ணி பயமாயிருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அண்ணி சொல்கிற பதிலெல்லாம் எங்காவது எழுதியிருந்தால், கேட்கிறவர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள். போனுக்கு வேலை இருக்காது, அண்ணி வாய்க்கும் வேலை இருக்காது. லாரி ஆபீசில் மத்தியானம் ஈ ஓட்டுகிற நேரத்தில் நான் இணையப் பக்கம் செய்யக் கற்றுக்கொண்டிருந்தேன். பெரிய வித்தையெல்லாம் இல்லை. எழுதியது எழுதியபடி நிற்கிற பக்கங்கள். உள்ளே நுழையக் கடவுச்சொல் கேட்காது, எதையும் பதிவு செய்யச் சொல்லாது, ஓட்டைப் போனிலும் திறக்கும். ஒரு பழுதுக்கு ஒரு பக்கம். எல்லாப் பக்கத்திலும் ஒரு பட்டியல், அதில் வேண்டியதை அழுத்தினால் அந்தப் பக்கம் வரும். இதைச் சொன்னதும் அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்பவே ஆரம்பி" என்றார்.

அறுவை சிகிச்சைக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. அது வரை தேவைக்கு மட்டும் பேசச் சொல்லியிருந்தார் டாக்டர். அந்தப் பேச்சு முழுவதையும் அண்ணி எனக்குச் சொல்லி எழுதவைப்பதில் செலவழித்தார். முன்னறையில் மெஷின்களை ஓரம் தள்ளி என் லேப்டாப்பை வைத்தோம். முதல் பக்கத்துக்கு நான், 'மேல் நூல் இழுவிசைக் கோளாறு' என்று தலைப்புப் போட்டேன்.

"இது என்ன பரீட்சை பேப்பரா? 'நூல் அறுந்துகிட்டே இருக்கு' அப்படின்னு போடு. அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

போட்டேன். அடுத்து, 'தையல் விட்டு விட்டு விழுது.' அடுத்து, 'துணி நகர மாட்டேங்குது.' அப்புறம், 'துணிக்குக் கீழே நூல் கூடு கட்டுது.' அதில் அண்ணி சொன்னது எனக்கே ஆச்சரியம். கீழே சிக்குகிறதென்று எல்லோரும் கீழ் நூல் சுற்றியிருக்கிற பாபினைக் குடைவார்களாம். தப்பு மேலே. துணியை அமுக்குகிற பாதத்தைத் தூக்காமலே மேல் நூலைக் கோத்தால், இறுக்கும் தட்டுகளுக்கு நடுவே நூல் உட்காராது. அது தொளதொளவென்று கீழே போய்க் கூடு கட்டும். பாதத்தைத் தூக்கிவிட்டு மறுபடி கோக்கச் சொல், தீர்ந்தது என்றார்.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பட்டியலில்தான் மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் பட்டியலை நான் கையால் ஒட்டியிருந்தேன். அண்ணிக்கோ குளிக்கும்போது ஒரு பழுது ஞாபகம் வரும், வெங்காயம் நறுக்கும்போது ஒன்று ஞாபகம் வரும். புதுப் பக்கம் ஒன்று சேர்த்தால், பழைய பக்கங்கள் அத்தனையையும் திறந்து, அத்தனை பட்டியலிலும் அதன் பெயரைச் சேர்க்கவேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் அந்தப் பக்கத்திலிருந்து போக வழி இருக்காது. கடைசிப் பக்கத்தை மூடி நிமிரும்போது அண்ணி வாசலில் நின்றார்.

"ஊசி உடையறதைச் சொன்னேனா?"

லேப்டாப்பை அறைந்து மூடினேன். "நீங்க எல்லாத்தையும் ஒரே மூச்சுல ஞாபகப்படுத்திக்கக் கூடாதா?" என்று கத்திவிட்டு மாடிக்குப் போனேன்.

மாடியில் போய்க் கோபமாக உட்கார்ந்து தேடியபோதுதான் அது கிடைத்தது. பக்கங்களை நாம் செய்யவேண்டியதே இல்லை, செய்து கொடுக்க ஒரு சின்ன கம்ப்யூட்டர் நிரல் இருக்கிறது, இலவசம். நாம் வெறும் எழுத்தை மட்டும் ஒரு ஃபோல்டரில் போடவேண்டும். பக்கம் எப்படி இருக்கவேண்டும் என்று ஒரே ஓர் அச்சு எழுதவேண்டும். பட்டியல் அந்த அச்சில் ஓர் இடத்தில் நிற்கும். ஒரு கட்டளை கொடுத்தால் ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறதோ அதை எல்லாம் எடுத்து, அச்சில் ஊற்றி, பட்டியலையும் தானே எழுதி, எல்லாப் பக்கத்திலும் வைத்துவிடும். நான் செய்து பார்த்தேன். கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. எனக்கு மண்டைக்குள் விளக்கு போட்ட மாதிரி இருந்தது. "அண்ணி" என்று நான் போட்ட சத்தத்தில் அண்ணி ஸ்க்ரூடிரைவரோடு மாடி ஏறி ஓடிவந்தார்.

"யாரு? எங்க?"

"யாரும் இல்ல. இதப் பாருங்க." ஊசி உடையும் பக்கத்தின் எழுத்தை ஃபோல்டரில் போட்டேன். கட்டளையைத் தட்டினேன். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பட்டியலில் 'ஊசி உடையுது' உட்கார்ந்திருந்தது.

அண்ணி திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இன்னொரு தடவ பண்ணு."

"எதப் போட?"

அண்ணி என்னைத் தள்ளிவிட்டு, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அவரே ஒரு பக்கம் அடித்தார். கட்டளை தட்டினோம். தளம் முழுக்க, ஒவ்வொரு பக்கத்திலும், 'நாத்தனார் கத்துறா' என்று வந்து நின்றது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரிப்பும் தொண்டைக்கு ஆகாது என்று ஞாபகம் வந்து அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. அதை நீக்கிவிட்டு மறுபடி தட்டினேன். எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் மறைந்தது. சேர்ப்பதைவிட அந்த மறைதல் எனக்கு இன்னும் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க ஆள் இல்லை. அண்ணி சொல்லச் சொல்ல நான் அடித்தேன். சக்கரம் சுற்ற மறுக்கிறதா, ஒரு பக்கம். எண்ணெய் துணியில் கறையாகிறதா, ஒரு பக்கம். சேர்ப்பதற்குச் சிரமமே இல்லை என்றானதும் அண்ணிக்கு ஞாபகம் மடை திறந்துகொண்டது. பட்டியல் நீண்டுகொண்டே போனது. நான் லேப்டாப்பில் அதை இடப்பக்கம் நிறுத்தி, வலப்பக்கம் விளக்கத்தை வைத்து, அழகு பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற காலையில் தளத்தை இணையத்தில் ஏற்றிவிட்டு, அதன் முகவரியை அண்ணியின் போனிலிருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினோம்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அண்ணி வீட்டுக்கு வந்தார், வீடு மௌனமாகிவிட்டது. அந்த மௌனத்தை யாரால் தாங்க முடியவில்லை என்றால், அண்ணனால். எந்த சிக்னலில் எவ்வளவு நேரம் நின்றார், எந்தப் பயணி சில்லறைக்குச் சண்டை போட்டார், எல்லாவற்றையும் வேலை முடிந்து வந்ததும் அண்ணியிடம் சொல்ல ஆரம்பித்தார். அண்ணி கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்டார். இவருக்குள் இவ்வளவு பேச்சு இருந்ததா என்று எனக்கு ஒரே வியப்பு.

நான் லீவு போட்டுவிட்டு போனுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன். முதல் போன் வந்தது.

"அக்காவுக்கு உடம்பு சரியில்ல. அனுப்பின லிங்க்க அழுத்திப் பாருங்க, எல்லாம் அதுல இருக்கு" என்றேன்.

"பாத்தேன்மா. எதை அழுத்தினாலும் அதே பட்டியல்தான் வருது."

"சரியா அழுத்துங்க" என்று வைத்தேன். அடுத்த போன். "அழுத்தறேங்க, ஆனா அதே லிஸ்ட்தான் திரும்பத் திரும்ப வருது." மூன்றாவதும் அதேதான். லேப்டாப்பில் நான் அழுத்திப் பார்த்தேன். பக்கம் அழகாக மாறியது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாலாவதாகப் பேசிய பெண்மணியிடம், "அங்க எழுதியிருக்கறது கண்ணுக்குத் தெரியலையா உங்களுக்கு?" என்று கேட்டேவிட்டேன். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

அண்ணி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் சிவந்துவிட்டது. உடனே மறுபடியும் மணி அடித்தது, அதே பெண்மணியாகத்தான் இருக்கவேண்டும். அண்ணியின் கை எனக்கு முந்திவிட்டது. போனைக் காதில் வைத்தார். உதடு பிரிந்தது, மூச்சை இழுத்தார். நான் மேஜையைச் சுற்றி ஓட நேரமில்லாமல், அதன்மேலேயே விழுந்து அவர் வாயைப் பொத்தினேன். திருகு டப்பாக்கள் கலகலவென்று தரையில் கொட்டின. அண்ணி திமிறினார், நான் விடவில்லை. கையைக் கடித்தார், அப்போதும் விடவில்லை. "அண்ணி, ஒரு வார்த்தை போதும். எல்லாம் போயிடும்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும்தான்.

மெதுவாகக் கையை எடுத்தேன், போனை வாங்கி வெட்டினேன். அண்ணி பேசவில்லை. தான் தனியாக வைத்திருக்கிற இன்னொரு பழைய போனை எடுத்தார். தளத்தைத் திறந்து என் மூக்குக்கு நேரே பிடித்தார். 'நூல் அறுந்துகிட்டே இருக்கு' என்பதை அழுத்தினார். பட்டியல் வந்தது. கட்டைவிரலால் திரையைத் தள்ளினார். பட்டியல். இன்னும் தள்ளினார். இன்னும் பட்டியல். தள்ளு, தள்ளு என்று தள்ளி, பட்டியல் அத்தனையும் போன பிறகு, அடியில், விளக்கத்தின் முதல் வரி தலைகாட்டியது.

எனக்குக் காது சுட்டது. லேப்டாப்பின் அகலத்தில் பட்டியல் இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. கையகலப் போனில் ஒதுங்க இடமில்லாமல் மேலே போய் ஏறிக்கொண்டது. அண்ணியின் அத்தனை ஞாபகமும் சேர்ந்து அது ஒரு முழம் நீளம் வளர்ந்திருந்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் தெரிவது அதே பட்டியல்தான். ஒன்றுமே நடக்கவில்லை என்று அவர்கள் நினைத்ததில் என்ன தப்பு? ஒரு தடவையாவது போனில் திறந்து பார்த்திருக்கவேண்டும் நான். அப்படிப் பார்க்காமல் ஒரு பெண்மணியின் கண்ணைக் குறை சொல்லியிருக்கிறேன்.

பழைய முறையாக இருந்திருந்தால் பக்கம் பக்கமாக உட்கார்ந்து மாற்றியிருக்கவேண்டும், அதற்குள் அண்ணி வாயை யார் காப்பது? இப்போது ஒரே அச்சுதானே. அதில் பட்டியலை வெட்டி எடுத்தேன். விளக்கத்துக்குக் கீழே ஒட்டினேன். மேலே ஒரே வரி, 'வேறு பழுதா? இங்கே அழுத்துங்கள்.' அழுத்தினால் நேரே கீழே இருக்கும் பட்டியலுக்குப் போகும். முதல் பக்கத்தில் மட்டும் பட்டியல் முழுசாக. கட்டளையைத் தட்டினேன். ஏற்றினேன். அண்ணி தன் போனில் அழுத்தினார். முதல் வரியே, 'ஊசியைக் கழட்டிப் புதுசு போடுங்க' என்று வந்தது. மற்றொன்றை அழுத்தினார், அதுவும் வந்தது. எல்லாமும் வந்தன.

நான் திட்டிய பெண்மணிக்குத்தான் முதலில் போன் போட்டேன். "மன்னிச்சிருங்க, தப்பு எங்க பக்கம். இப்ப பாருங்க" என்றேன். அவர் அழுத்திப் பார்க்கிற வரை காத்திருந்தேன். பிறகு, "வருதும்மா. அக்கா பேசற மாதிரியே இருக்கு" என்றார். நான் அறையிலேயே துள்ளிக் குதித்தேன். அண்ணி ஸ்பேனரை எடுத்து மேஜையில் தாளம் தட்டினார்.

இரண்டு நாளில் போன் பாதியாகக் குறைந்தது. மிச்சப் பாதிதான் குறையவே இல்லை. அவர்கள் பட்டியலைப் பார்த்தவர்கள்தான். எதை அழுத்துவதென்று தெரியாதவர்கள்.

"என்னன்னு சொல்லத் தெரியலங்க. என்னமோ மாதிரி ஓடுது" என்றாள் ஒருத்தி.

"என்னமோ மாதிரின்னா?"

"அதான், என்னமோ மாதிரி."

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு அண்ணியிடம் திரும்பினேன். "'என்னமோ மாதிரி' அப்படின்னு ஒரு பக்கம் போடவா?" என்றேன் எரிச்சலோடு. அண்ணி சிரிக்கவில்லை. போனை என் கையிலிருந்து வாங்கினார். நான் பாய்வதற்குத் தயாராக எழுந்து நின்றேன். அவர் ஒரு விரலைத் தன் உதட்டின்மேல் வைத்து எனக்குக் காட்டினார், பயப்படாதே என்பதுபோல. ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்தார். பிறகு தன் பழைய போனில் தட்டி என்னிடம் நீட்டினார். 'ஓட்டச் சொல்லு.'

"போனை மெஷின் பக்கத்துல வச்சு ஓட்டுங்க" என்றேன்.

அந்தப் பக்கம் மெஷின் ஓடியது. எனக்கு அது வெறும் டகடகதான். அண்ணி கண்ணை மூடினார். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கண்ணைத் திறந்ததும் போனை வெட்டினார், பட்டியலைத் திறந்தார், கட்டைவிரல் ஒரு பெயரில் போய் நின்றது. அந்தப் பக்கத்தின் முகவரியை அவளுக்கு அனுப்பினார். அவ்வளவுதான். அவர் வாயைத் திறக்கவே இல்லை.

நான் அவர் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தேன். பதில் வந்தது. 'ஓடுது அக்கா. சூப்பரா ஓடுது.'

இதை நான் யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி முகவரி இருப்பது எனக்குத் தெரியும், அண்ணிக்குக் காது இருப்பதும் தெரியும். இந்த இரண்டையும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை. பேசக்கூடாது என்றுதானே டாக்டர் சொன்னார், கேட்கக்கூடாது என்று சொல்லவில்லையே. அண்ணியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "அண்ணி, நீங்க பேசவே வேணாம். பட்டியல்ல அவங்களுக்குத் தெரியலன்னா நீங்க அழுத்தி அனுப்பிருங்க" என்று, அவர் செய்து காட்டியதையே அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என் தலையில் குட்டினார்.

அன்றைக்கே முதல் பக்கத்தில் எழுதினேன். 'எதை அழுத்துவதென்று தெரியவில்லையா? போன் செய்யுங்கள். பேச வேண்டாம். மெஷினை ஓட்டிக் காட்டிவிட்டு வையுங்கள். பக்கம் உங்களைத் தேடி வரும்.' கட்டளை, ஏற்றம், முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் முன்னறையைப் பார்க்கவேண்டும். மணி அடிக்கும். அண்ணி ஸ்பீக்கரைப் போடுவார். ஹலோ கிடையாது, ஒன்றும் கிடையாது, யாரோ ஒருத்தியின் மெஷின் மட்டும் டகடகவென்று எங்கள் வீட்டுக்குள் ஓடும். அண்ணி ஒன்றை அழுத்தி அனுப்புவார். பழகாத எண்களிலிருந்தெல்லாம் வந்தது. ஒரு தையல்காரி இன்னொருத்திக்குச் சொல்லியிருக்கிறாள். நான் பயமில்லாமல் ஆபீசுக்குப் போக ஆரம்பித்தேன். மத்தியானத்தில் அண்ணியிடமிருந்து செய்தி வரும், 'புதுப் பக்கம் வேணும், இப்படி எழுது' என்று. சரக்குச் சீட்டுக்கு நடுவே எழுதி ஏற்றிவிடுவேன்.

மூன்று வாரம் முடிந்தது. ஒரு வார்த்தைகூட, ஒரு கிசுகிசுப்புகூட வரவில்லை. டாக்டர் கேமராவை விட்டுப் பார்த்தார். முடிச்சுகள் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. "இவ்வளவு சுத்தமா ஆறி நான் பாத்ததில்ல" என்றார். "பேசுங்க."

அண்ணி வாயைத் திறந்தார். மூடினார். "என்ன பேசறது?" என்றார்.

நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குரல் வந்தது. ஆனால் அண்ணியின் குரல் வரவில்லை. தெருமுனைக்குக் கேட்கிற அந்தக் கணீர்க் குரல் எங்கேயோ போய், தணிந்த, கொஞ்சம் மெலிந்த ஒன்று வந்திருந்தது. இனி இதுதான் என்றார் டாக்டர். ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் பேசவேண்டாம் என்றார். திரும்பி வரும்போது அண்ணி பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாக மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அண்ணன்.

"பொய் சொல்லாதீங்க."

வீட்டுக் கதவைத் திறக்கும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் தெரிந்த எண், வருஷக்கணக்காக அண்ணியிடம் பேசுகிற ஒருத்தியுடையது, சட்டை காலர் மட்டும் தைக்கிறவள். அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் எடுத்தார்.

"ஹலோ."

"ஹலோ, யாருங்க? அக்கா இல்லையா?"

"நான்தான்."

"இல்லீங்க, மெக்கானிக் அக்காகிட்ட பேசணும். டாக்டர்கிட்ட போயிருக்காங்கன்னு தெரியும். வந்ததும் சொல்றீங்களா?"

அண்ணியின் முகம் விழுந்துவிட்டது. மூன்று வாரம் கட்டிக்காத்தது இதற்காகத்தானா என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. போனைப் பிடுங்கி, இவர்தான் உன் அக்கா, காது அடைத்துவிட்டதா உனக்கு என்று கேட்கக் கையை நீட்டினேன். அண்ணி என் கையைத் தள்ளிவிட்டார்.

"என்ன பிரச்சனை, சொல்லு" என்றார் போனில்.

"உங்களுக்குத் தெரியுமா என்னவோ. எல்லாப் பக்கமும் பாத்துட்டேன். வேகம் திடீர்னு கூடுது, திடீர்னு குறையுது. காலர் முனை கோணிக்கிட்டுப் போகுது."

"போனைக் கீழ வச்சு ஓட்டு."

மெஷின் ஓடியது. அண்ணி கண்ணை மூடினார். நானும் கூர்ந்து கேட்டேன், எனக்கு எப்போதும்போல டகடகதான்.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல" என்றார் அண்ணி. "செருப்போட பெடலை மிதிக்கிற. கால் வழுக்குது. கழட்டிட்டு மிதி."

அந்தப் பக்கம் செருப்பு ஒன்று தரையில் விழுகிற சத்தம் கேட்டது. இன்னொன்று. மெஷின் ஓட ஆரம்பித்தது, நேராக, ஒரே சீராக, ஒரு முழுக் காலரின் நீளத்துக்கு. நின்றது.

"அக்கா" என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது. "இவ்வளவு நேரம் நீங்களா பேசினீங்க?"

"நான்தான்னு அப்பவே சொன்னேனேடி" என்றார் அண்ணி, அந்தப் புதுக் குரலில், அழுதுகொண்டே.

டாக்டர் அன்றைக்குக் கொடுத்திருந்த அரை மணி நேரப் பேச்சையும் அண்ணி அவள் ஒருத்தியிடமே பேசித் தீர்த்தார். காவலுக்கு நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் தடுக்கவில்லை.